‘95% பிளேஸ்மென்ட்’... எந்த நூறு பேரில் 95 பேர்? கல்லூரி விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும். பஸ்ஸின் பின்பக்கம், சிக்னல் ஓரம், செல்போன் திரை என எங்கு திரும்பினாலும் கோட் போட்ட மாணவர்களின் படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘95% பிளேஸ்மென்ட்’. சில இடங்களில் ‘100%’ என்றே போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு எண்ணை நம்பித்தான் நகையை அடகு வைப்பதும், பேங்கில் லோன் போடுவதும், பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் கிடைத்த சீட்டை வேண்டாம் என்பதும் நடக்கிறது.

அந்த எண் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் அது எந்த நூறு பேரில் 95 என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

95% என்றால் 100 பேரில் 95 பேருக்கு வேலையா?

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு துறையில் முதலாண்டு சேர்ந்தவர்கள் 120 பேர். அரியர் இல்லாமல் உரிய காலத்தில் டிகிரி முடித்தவர்கள் 84 பேர். அதில் பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் கொடுத்து, கம்பெனிகள் கேட்கும் தகுதியோடு இருந்தவர்கள் 50 பேர். ஆஃபர் வாங்கியவர்கள் 45 பேர்.

45-ஐ 50-ஆல் வகுத்தால் 90%. விளம்பரத்தில் வருவது இதுதான். டிகிரி முடித்த 84 பேரில் பார்த்தால் சுமார் 54%. சேர்ந்த 120 பேரில் பார்த்தால் 37.5%. மூன்றுமே சரியான கணக்குதான். ஆனால் பிள்ளையைச் சேர்க்கப்போகிற அப்பா அம்மாவுக்குத் தேவைப்படுவது கடைசி எண். ஏனென்றால் நான்கு வருடம் கழித்து தங்கள் பிள்ளை அந்த 50 பேருக்குள் இருப்பாரா என்று இன்று யாருக்கும் தெரியாது.

‘தகுதி உள்ளவர்கள்’ என்ற வார்த்தையில்தான் மேட்டரே இருக்கிறது. பத்தாவது, பிளஸ் 2, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது என்பது கேம்பஸ் வரும் பல நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனை. பத்தாவதில் 58 சதவீதம் எடுத்த மாணவி, கல்லூரியில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்த ட்ரைவில் உட்கார முடியாமல் போகலாம். அவர் வேலை கிடைக்காதவர் பட்டியலில்கூட வரமாட்டார். கணக்கிலேயே இல்லை.

இன்னொன்று, ஆஃபர்களின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் வேறு. ஒரே மாணவர் மூன்று கம்பெனியில் தேர்வானால் ‘மூன்று ஆஃபர்’ என்று எழுதலாம். ‘இந்த ஆண்டு 900 ஆஃபர்கள்’ என்று போட்டிருந்தால், எத்தனை பேருக்கு என்று கேட்பதில் தப்பே இல்லை.

‘ஹையஸ்ட் பேக்கேஜ்’ எதைக் காட்டுகிறது?

ஒருவரை. அவ்வளவுதான்.

ஆவரேஜ் பேக்கேஜும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம், ஒருவருக்கு மட்டும் 30 லட்சம் என்றால் சராசரி 5.25 லட்சம். அந்தப் பத்துப் பேரில் 5.25 லட்சம் வாங்குபவர் ஒருவர்கூட கிடையாது. அதனால்தான் ‘மீடியன்’ எனப்படும் நடுநிலைச் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது அது. இந்த உதாரணத்தில் 2.5 லட்சம்.

பேக்கேஜ் என்பது முழுக்கக் கைக்கு வரும் பணமும் அல்ல. நிறுவனம் கட்டும் பி.எஃப் பங்கு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருடக் கடைசியில் வந்தால் வரும் போனஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். 3.6 லட்சம் என்றவுடன் மாதம் 30 ஆயிரம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். முதல் மாதம் அக்கவுண்டில் விழுவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆஃபர் லெட்டர் வந்தாலே வேலை கிடைத்த மாதிரியா?

2022-ல் படிப்பு முடித்தவர்களைக் கேட்டால் தெரியும். அந்த பேட்ச்சில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் ஆஃபர் பெற்ற மாணவர்களில் ஒரு பகுதியினர் வேலையில் சேர சுமார் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2024-ல் விவகாரம் பெரிதான பிறகு, கொடுத்த ஆஃபர்களை மதிப்போம் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் அந்த மாணவர்கள் ‘பிளேஸ்டு’ என்று கல்லூரிக் கணக்கில் ஏறியது, ஆஃபர் வந்த அன்றே. ‘கம்பெனியில இருந்து மெயில் வருமா வராதா’ என்று வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

அதேபோல, மெக்கானிக்கல் படித்தவர் பி.பி.ஓ-வில் சேர்ந்தாலும், எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி முடித்தவர் கடன் வசூலிக்கும் கால் சென்டரில் சேர்ந்தாலும் அதுவும் பிளேஸ்மென்ட்தான். வேலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த வேலைக்கு அந்தப் படிப்பும் அந்த ஃபீஸும் தேவையா என்பது தனிக் கேள்வி.

சரி, உண்மையான எண் எங்கே இருக்கிறது?

பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதில் பங்கேற்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த தகவலை தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். கல்லூரியின் தளத்தில் ‘என்.ஐ.ஆர்.எஃப்’ என்று ஒரு மூலையில் இருக்கும் லிங்க்கைத் தட்டினால் ஒரு பி.டி.எஃப் திறக்கும்.

அதில் ‘பிளேஸ்மென்ட் மற்றும் மேற்படிப்பு’ என்ற அட்டவணையை மட்டும் பாருங்கள். முதலாண்டில் மொத்தம் எத்தனை சீட், அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் மீடியன் சம்பளம், எத்தனை பேர் மேற்படிப்புக்குத் தேர்வானார்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மூன்று பேட்ச்களின் விவரம் அடுத்தடுத்து வரும். மேலே பார்த்த 120, 84, 45 கணக்கை அந்தக் கல்லூரிக்கே போட்டுப் பார்த்துவிடலாம். செல்போனில் ஐந்து நிமிட வேலை.

இதிலும் ஓட்டைகள் உண்டு. இது கல்லூரியே கொடுக்கும் தகவல். துறைவாரியாகப் பிரித்திருக்காது. மூன்று வருடப் படிப்புகள் எல்லாம் ஒரே வரிசை என்பதால் பி.சி.ஏ-வும் பி.ஏ வரலாறும் ஒன்றாகக் கலந்திருக்கும். மீடியன் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும் போடுவது. கிடைக்காதவர்கள் அந்த எண்ணைக் கீழே இழுப்பதில்லை. ஆனாலும் ஃபிளெக்ஸில் இருப்பதைவிட இது பல மடங்கு நேர்மையான பக்கம்.

துறைவாரியான விவரத்துக்கு நேரில் கேட்பதைத் தவிர வழியில்லை. ‘போன வருஷம் இந்த டிபார்ட்மென்ட்ல ஃபைனல் இயர் எத்தனை பேர், அதுல வேலைக்குப் போய்ச் சேர்ந்தவங்க எத்தனை பேர்?’ என்று அட்மிஷன் மேசையிலேயே கேளுங்கள். பதில் சொல்லாமல் பிளேஸ்மென்ட் புரோஷரை நீட்டினால், அதுவே ஒரு பதில். இரண்டு வருடம் முன்பு அங்கே படித்து முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினால் இன்னும் தெளிவாகிவிடும்.

‘மேற்படிப்பு’ என்றால் நல்ல செய்திதானே?

எப்போதும் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப் மதிப்பெண்ணில் வேலைக்குப் போனவர்களும் மேற்படிப்புக்குப் போனவர்களும் ஒரே அளவுகோலில் சேர்கிறார்கள். ஆராய்ச்சிக் கனவோடு எம்.எஸ்சி சேர்பவரும், ‘சும்மா இருக்கறதுக்கு ஒரு பி.ஜி. பண்ணிடு’ என்று வீட்டில் சொன்னதால் சேர்பவரும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இதற்குப் பழைய உதாரணம் பி.எட். 2015 முதல் இது இரண்டு வருடப் படிப்பு. டிகிரி மூன்று, பி.எட் இரண்டு என ஐந்து வருடம் முடித்த பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வோ 2013-க்குப் பிறகு 2017, 2019, 2022, 2025 என இடைவெளி விட்டுத்தான் நடந்திருக்கிறது. அதில் தேறினாலும் பணி நியமனம் தனி. இடைப்பட்ட ஆண்டுகளில் குறைந்த சம்பளத்தில் தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே காத்திருக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காகிதத்தில் இவர்கள் ‘மேற்படிப்புக்குப் போனவர்கள்’.

இன்னொரு காத்திருப்பு அரசுத் தேர்வு. 2024-ல் டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பிறகு இடங்கள் கூட்டப்பட்டன. இந்தத் தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். ஆனால் ஹாலில் பட்டதாரிகளும் இன்ஜினியர்களும் உட்கார்ந்திருப்பதை யாரும் இப்போது ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை.

வேலையின்மை 3 சதவீதம்தான் என்கிறார்களே?

அதுவும் சரிதான். 2023-24-ம் ஆண்டு தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இந்தியாவின் வேலையின்மை விகிதம் 3.2%. 15 முதல் 29 வயது வரை மட்டும் பார்த்தால் 10.2%.

படிப்பை வைத்துப் பிரித்தால் படமே மாறுகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1%. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4%. படித்தால் வேலை கிடைக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. படிக்காதவருக்கு வேலை இல்லாமல் ஒரு வாரம் இருக்கவும் வசதியில்லை, கிடைத்ததைச் செய்கிறார். பட்டதாரிக்குப் பின்னால் சோறு போட ஒரு குடும்பம் இருப்பதால் காத்திருக்க முடிகிறது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கையும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. 25 வயதுக்குக் கீழ் உள்ள பட்டதாரிகளில் வேலையின்மை 42 சதவீதத்துக்கும் மேல். 35 வயதைத் தாண்டியவர்களிடம் 5 சதவீதத்துக்கும் கீழ். அதாவது கடைசியில் ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடுகிறார்கள். படிப்புக்கேற்ற வேலையா, வயதானதால் பிடித்த வேலையா என்பதை இந்த எண் சொல்லாது.

‘வேலையில் இருப்பவர்’ என்ற வரையறையும் தாராளமானது. வார அடிப்படையிலான கணக்கில், ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் உட்காரும் பி.காம் பட்டதாரியும் அப்படியே. மறுபக்கம், வேலை தேடுவதை விட்டுவிட்டு வீட்டு வேலை பார்க்கும் பெண், வேலையில்லாதவர் எண்ணிக்கையிலேயே வரமாட்டார்.

உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தில் தமிழ்நாடு 47%, நாடு முழுக்க 28.4% என்கிறது 2021-22 கணக்கு. பெருமைப்பட வேண்டிய எண்தான். உள்ளே போனவர்களை இவ்வளவு துல்லியமாக எண்ணுகிற நாம், வெளியே வந்தவர்களை ஒரு வருடம் கழித்து எங்கே என்று கேட்பதில்லை. பிரிட்டனில் பட்டம் பெற்று 15 மாதம் கழித்து ஒவ்வொருவரிடமும் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு சர்வே கேட்கிறது. பாடவாரியாக, பல்கலைக்கழகவாரியாக வெளியிடவும் செய்கிறது.

லோன் காத்திருக்குமா?

ஒரு வருடம் காத்திருக்கும். வழக்கமான கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 4 லட்சம் கடன், 10% வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 5,300 ரூபாய். இடைக்கால வட்டி சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆண்டுக்கு 2.5 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் 20,800 ரூபாய் சொச்சம். அதில் கால் பங்கு பேங்குக்கே போய்விடும். கல்லூரி ஃபீஸை முடிவு செய்யும்போது பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டியது ஹையஸ்ட் பேக்கேஜை அல்ல, இந்த மீடியனைத்தான்.

ஏற்கெனவே படித்து முடித்துவிட்டவர்களுக்கு?

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்கக் கூடாது. பதிவு செய்து ஐந்து ஆண்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72 ஆயிரத்துக்குள் இருந்தால், தமிழக அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறது. தேர்வு விண்ணப்பத்துக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் சரியாக இருக்கும்.

அதைவிட உருப்படியானது தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம். கலை, அறிவியல், வணிகப் பட்டதாரிகளும் இதில் சேரலாம். 2019 விதிகளில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9 ஆயிரம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது, அதில் பாதி மத்திய அரசின் பங்கு. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு ஆன்லைனில். பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேரும் முன், போன வருடம் பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேரை எடுத்துக்கொண்டார்கள் என்று ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுவது நல்லது.