தட்டாத கதவு திறக்குமா?



4743 பேரில் 63 பேர்!

ஐ.ஐ.எம். என்னும் உயர் மேலாண்மைக் கல்வி நிலையங்கள் அனைத்திலும் அன்று படித்துக்கொண்டிருந்த முஸ்லிம்களின் எண்ணிக்கை இது. நூற்றுக்கு ஒன்றரை பேர்கூட இல்லை. சொன்னது நாமல்ல, 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழு அறிக்கை.

இதைக் கேட்டதும் "புறக்கணிப்பு!" என்று மேடை போட்டு முழங்கத் தோன்றும். முழங்க வேண்டிய இடத்தில் முழங்கத்தான் வேண்டும். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. அங்கே போட்டியிட்ட முஸ்லிம்களின் வெற்றி விகிதம் மற்றவர்களுக்குக் குறைந்ததல்ல, சற்றுக் கூடுதல்! அப்படியானால் குறை எங்கே? நாம் விண்ணப்பிப்பதே இல்லை. கதவு சாத்தியிருக்கிறது என்று அழுகிறோம், தட்டிப் பார்த்தோமா?

அந்தக் கணக்கு பழையது என்பீர்கள். சரி, உங்கள் மஹல்லாவில் இந்த ஆண்டு அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுங்கள். விரல் மீந்துவிடும்!

வயது ஒரு தடையா?

"முப்பத்தைந்து ஆகிவிட்டது ஹஜ்ரத், இனி என்ன படிப்பு?" என்று கேட்கும் சகோதரர்கள் பலர். வளைகுடாவில் பத்தாண்டு மேற்பார்வையாளராக இருந்து திரும்பியவர், கீழமாசி வீதியில் வாப்பாவின் கடையைக் கையில் எடுத்தவர், கம்பெனியில் மேலாளர் நாற்காலிக்குக் கீழேயே தேங்கி நிற்பவர் என எல்லோரிடமும் இதே கேள்விதான்.

இவர்களுக்கென்றே வகுப்புகள் இருக்கின்றன. வேலையில் இருப்பவர்களுக்கான எம்.பி.ஏ. வகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943-லேயே தொடங்கிவிட்டது. அஹ்மதாபாத் ஐ.ஐ.எம். 2006-ல் அனுபவசாலிகளுக்கு ஓராண்டு வகுப்பைத் திறந்தது. 2011-ல் உருவான திருச்சி ஐ.ஐ.எம்., பணியில் இருப்போருக்கான வகுப்பைச் சென்னையில் ஏற்படுத்தியது. குடும்ப வியாபாரிகளுக்கென்றே மும்பை எஸ்.பி. ஜெயின் நிறுவனம் 1997-ல் தனிப் படிப்பைத் தொடங்கியது. இங்கெல்லாம் அனுபவம்தான் நுழைவுச் சீட்டு! எதைக் குறை என்று நினைத்தீர்களோ அதுவே உங்கள் தகுதி.

நாகமலை புதுக்கோட்டையில் இருந்துகொண்டு "வசதியில்லை" என்று சொல்ல நமக்கு என்ன நியாயம்? தேனி சாலையில் பஸ் ஏறினால் 1966-ல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம். திருப்பரங்குன்றம் பக்கம் திரும்பினால் 1962 முதல் இயங்கும் தியாகராசர் மேலாண்மைப் பள்ளி. தினமும் அவற்றைக் கடந்து கடைக்குப் போகிறோம். உள்ளே போய் விசாரித்ததில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு இளங்கலைப் பட்டம் வேண்டும். பாதியில் நின்றவர்கள் இக்னோவிலோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நுழைவுத் தேர்வு. பல நிறுவனங்கள் ஜிமேட் மதிப்பெண் கேட்கின்றன. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய முறையில் கணக்கு, மொழி, தரவு ஆய்வு என மூன்று பகுதி. பகுதிக்கு 45 நிமிடம். ஒருமுறை எழுதினால் மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். கடையில் சதவீதமும் லாப நஷ்டமும் வாய்க்கணக்காய்ப் போடுபவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மொழிப் பகுதிக்குத்தான் ஆறேழு மாத உழைப்பு வேண்டும்.

மூன்றாவது, ஆதாரம். "நான் பெரிய வியாபாரி" என்று வாயால் சொன்னால் போதாது. ஜி.எஸ்.டி. கணக்கும் வருமான வரிக் கணக்கும் உங்களுக்காகப் பேச வேண்டும். பில் போடாத வியாபாரத்துக்கு அனுபவச் சான்று யார் தருவார்? வெளிநாட்டில் இருப்போர் திரும்பும்போது டி.வி.யோடு பணி அனுபவச் சான்றிதழையும் வாங்கி வாருங்கள்!

ஏமாறாதீர்கள்!

பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு, சில மாதத்தில் சான்றிதழ் என்று விளம்பரங்கள் வருகின்றன. சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. ஐ.ஐ.எம்.கள் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றதே 2018 ஜனவரி 31-ல் அமலுக்கு வந்த சட்டத்தால்தான். பணம் கட்டும் முன், "முடிவில் கிடைப்பது பட்டமா, சான்றிதழா?" என்று எழுத்தில் கேளுங்கள். அஞ்சல் வழிப் படிப்பென்றால் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்.

வட்டி என்ற முட்டுக்கட்டை

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். அஹ்மதாபாத்தின் ஓராண்டுக் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வங்கிக்குப் போனால் வட்டி. மார்க்கம் பேணும் இளைஞன் அங்கேயே பின்வாங்குகிறான். அவனைப் பாராட்டுகிறோம், ஆனால் பாராட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோமே, இது நியாயமா? ஹராம் என்று சொல்லும் நாவுக்கு ஹலாலான வழியைக் காட்டும் கடமையும் உண்டல்லவா?

வழி இருக்கிறது. சம்பளத்தையோ கடையையோ விடாமல் வார இறுதியில் படிக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். செலவு குறைந்த உள்ளூர்ப் படிப்பைத் தேடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜமாஅத்தின் பைத்துல்மாலில் கல்விக்கென்று கர்ழன் ஹஸனா நிதி ஒன்றை ஒதுக்கலாம். படித்தவன் சம்பாதித்துத் திருப்பிக் கட்டுவான். அந்தப் பணத்தில் அடுத்தவன் படிப்பான். ஒரு நாள் வலீமா விருந்துக்கு லட்சங்களை இறைக்கும் சமுதாயத்துக்கு இது முடியாதா?

திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியை எண்ணிப் பாருங்கள். 1951-ல் அதை எழுப்பிய ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகப் பெருமக்கள். வியாபாரத்தில் வந்த பணத்தைக் கல்வியில் போட்டார்கள். அவர்களுடைய வாரிசுகள் என்று பெருமை பேசும் நாம், வியாபாரத்தையே கல்வியாகப் படிக்கத் தயங்கலாமா?

வியாபாரிகளே! உங்கள் கடையில் தகுதியுள்ள ஒருவர் இருந்தால் வார இறுதியில் விடுப்புக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! வரும் ஜும்ஆவில் இந்த நிதியைப் பற்றிப் பேசுங்கள். இளைஞர்களே! இடம் தருவதும் மறுப்பதும் அவர்கள் வேலை. விண்ணப்பிப்பது உங்கள் வேலை. அதை இந்த ஆண்டே செய்யுங்கள்.