கடலின் கணக்கு: மக்கள் பணத்தில் சேர்த்தது மக்களுக்கு வந்து சேர்கிறதா?

நெல்லை டவுண் மார்க்கெட்டில் நாம் வாங்கும் சாளையும் நெத்திலியும் தூத்துக்குடி, உவரி, இடிந்தகரை பக்கமிருந்துதான் வருகின்றன. ஆனாலும் கடல் பற்றிய செய்தி என்றால், 'இது மீனவர்கள் பிரச்சினை' என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் அந்த எண்ணத்தை மாற்றியிருக்க வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டு நம் வீதிகளுக்குள் வந்தது. அந்த மழைக்கான ஈரத்தைக் கொடுத்தது கடல். கடலில் எடுக்கப்படும் வெப்பம், காற்று, நீரோட்டக் கணக்குகள் எவ்வளவு சரியாக, எவ்வளவு சீக்கிரமாகக் கிடைக்கின்றனவோ, அந்த அளவுக்கே முன்னறிவிப்பும் துல்லியமாகும்.

இந்தக் கணக்குகளை எடுப்பது பெரும்பாலும் அரசு நிறுவனங்கள். சென்னையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் மிதவைகளை நிறுத்துகிறது. ஐதராபாத்தில் 1999-ல் தொடங்கப்பட்ட 'இன்காய்ஸ்' தகவல்களைத் திரட்டி எச்சரிக்கைகள் வெளியிடுகிறது. 1947 முதல் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கரைக்கு வரும் மீனின் அளவைக் கணக்கிடுகிறது. 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்துக்கு மட்டும் ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. இது நாம் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் கட்டும் வரிப்பணம். எனவே அதில் கிடைக்கும் தகவல், அதிகாரிகளிடமும் ஆய்வாளர்களிடமும் இருக்கும் அமானிதம்.

அமானிதத்தை உரிய நேரத்தில் ஒப்படைக்காவிட்டால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலுக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. சுமத்ராவில் நிலம் நடுங்கியதற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், கரையில் நின்றவர்களுக்குச் சேதி வரவில்லை. 2007-ல் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இன்று இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கு எச்சரிக்கை தருகின்றன.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக அறிவிக்கப்பட்டபோது, குமரி மாவட்டத்துப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. அங்கே செல்போன் சிக்னல் எட்டாது. தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட மீனவர்களை இழந்தோம். அதன் பிறகு, 2019-ல், நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. தகவல் ஒரு அலுவலகத்தில் இருப்பது வேறு, தேவைப்படுகிறவன் கைக்குப் போய்ச் சேர்வது வேறு என்பதற்கு ஒக்கியே சாட்சி.

நல்ல முன்மாதிரியும் உண்டு. 'ஆர்கோ' என்ற உலகத் திட்டத்தில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி, கடலின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. இந்தியாவும் இதில் பங்காளி. பெரும்பாலான அளவுகள் 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படுகின்றன. பாளையங்கோட்டையில் படிக்கும் ஒரு மாணவியும் அமெரிக்கப் பேராசிரியரும் ஒரே தகவலை ஒரே நாளில் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் வெளியான தேசிய தரவுப் பகிர்வுக் கொள்கை, பொதுப்பணத்தில் திரட்டிய தகவலைப் பொதுமக்களுக்குத் திறக்கச் சொல்கிறது. எல்லோருக்கும் திறந்தது, பதிவு செய்து பெறுவது, கட்டுப்படுத்தப்பட்டது என மூன்று வகை வைத்திருக்கிறது.

'நாட்டின் பாதுகாப்பு என்னாவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடலடித் தரையின் நுட்பமான வரைபடம் எதிரிக்கும் உதவும். 'உழைத்துச் சேர்த்த ஆய்வாளருக்கு முதலில் கட்டுரை எழுத உரிமை வேண்டாமா?' என்பதும் நியாயம். அதற்கு ஒரு கால அவகாசம் கொடுக்கலாம். ஆனால் பூட்டி வைப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும். ஏன் பூட்டினோம், எப்போது திறப்போம் என்று எழுதி வைக்க வேண்டும்.

திறந்தால் மட்டும் போதாது, பராமரிப்பும் வேண்டும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் புரியும். அறிவிப்பாளர் வரிசை இல்லாத ஒரு செய்தியை நாம் ஏற்பதில்லை. கடல் எண்ணும் அப்படித்தான். எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் கருவியால், யார் அளந்தது என்ற விவரம் இல்லாத எண் யாருக்கும் உதவாது. திட்டம் முடிந்து, ஆய்வாளரும் ஓய்வு பெற்று, அவர் கணினியோடு தகவலும் போய்விட்டால், செலவழித்த பணம் உண்மையிலேயே கடலில் போட்ட பணம்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மீன் கூடும் இடங்களைக் கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துக் கணித்து, இன்காய்ஸ் தமிழிலும் அறிவிக்கிறது. ஆனால் அந்த இடம் தொலைவில் என்றால், பெரிய விசைப்படகு போய்விடும், சிறிய வள்ளம் போக முடியாது. எல்லோருக்கும் திறந்த தகவல்கூட வலுத்தவனுக்கே முதலில் பயன்படும் நிலை இருக்கிறது. எனவே சிறு மீனவருக்குப் புரியும் மொழியில், அவருக்கு எட்டும் தூரத்துக்கு, அவர் கையிலுள்ள கருவியில் தகவல் வர வேண்டும் என்று கேட்பதும் நம் கடமை.

நாம் என்ன செய்யலாம்? நம் கல்லூரிப் பிள்ளைகள் திறந்து கிடக்கும் கடல் தகவலைப் பயன்படுத்தப் பழகட்டும். நம் கடற்கரை பற்றி அரசு நடத்திய ஆய்வின் முடிவு வெளிவரவில்லை என்றால், 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கடலோர ஊர்களின் ஜமாஅத்துகளும் மீனவர் சங்கங்களும் எச்சரிக்கையைக் கேட்டு ஊருக்குச் சொல்ல ஓர் ஆளை நியமிக்கலாம்.

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அந்தக் கடலைப் பற்றி நம் பணத்தில் எழுதப்படும் கணக்கைக் கேட்டு வாங்குவது யாரிடமும் கேட்கும் சலுகை அல்ல. நம் பொருளை நாம் கேட்பதுதான்.