"மைசெல்ஃப் குமார்" - ஆங்கில இலக்கணம் எங்கே இடறுகிறது?

கல்லூரி முதலாமாண்டு. முதல் நாள், முதல் வகுப்பு. ஒவ்வொருவராக எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த மாணவன் எழுந்து நிற்கிறான்.

"மைசெல்ஃப் குமார். ஐ ஆம் கமிங் ஃப்ரம் தென்காசி. மை ஃபாதர் ஃபார்மர்."

பின் பெஞ்சில் யாரோ சிரிக்கிறார்கள். அவன் உட்கார்ந்துவிடுகிறான். அதன்பிறகு நான்கு வருடமும் வகுப்பில் வாயே திறப்பதில்லை. சந்தேகம் வந்தாலும் கேட்பதில்லை, விடை தெரிந்தாலும் சொல்வதில்லை. எல்லா இன்ஜினியரிங் கல்லூரியிலும், எல்லா வகுப்பிலும் இப்படி நாலைந்து பேராவது இருப்பார்கள்.

அந்த மூன்று வாக்கியத்தில் என்ன தப்பு என்று சிரித்தவர்களுக்குத் தெரியும். ஏன் அந்தத் தப்பு வந்தது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்களும் அதைச் சொன்னதில்லை. "இவனுக்கு கிராமர் வராது" என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

உண்மையில் அவனுக்கு இலக்கணம் நன்றாகவே வருகிறது. வருவது தமிழ் இலக்கணம், அவ்வளவுதான்.

"என் அப்பா விவசாயி" என்பது தமிழில் முழு வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. பயனிலை பெயர்ச்சொல்லாக வந்திருப்பதால் அது பெயர்ப் பயனிலை. தமிழ் வகுப்பில் அவனே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய விஷயம். ஆங்கிலத்தில் பெயர்ப் பயனிலை கிடையாது, வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, அதனால்தான் நடுவில் ஒரு 'இஸ்' முட்டுக் கொடுக்கிறது. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்வதில்லை. "ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறார்கள். "மைசெல்ஃப்" வந்த வழியும் இதுவாகவே இருக்கலாம். "நான் குமார்" என்பதை அப்படியே மாற்றி "ஐ குமார்" என்றால் ஏதோ குறைகிறது என்று அவன் காதுக்கே படுகிறது. "இன்ட்ரட்யூஸ் யுவர்செல்ஃப்" என்று கேட்டவர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்துக்கொள்கிறான்.

நம்மூரில் ஆங்கில இலக்கணம் என்று சொல்லிக்கொடுக்கப்படுவது என்ன? பெரும்பாலும் ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியமாக மாற்றுவது. ஆக்டிவை பாஸிவ் ஆக்கு, டைரக்டை இன்டைரக்ட் ஆக்கு. "ராமு இஸ் தி டாலஸ்ட் பாய்" என்பதை "நோ அதர் பாய் இன் தி கிளாஸ் இஸ் அஸ் டால் அஸ் ராமு" என்று ஆக்கு. ராமு எவ்வளவு உயரம் என்று இப்படிச் சுற்றிவளைத்து யார் யாரிடம் சொல்லப்போகிறார்கள்? சூத்திரம் தெரிந்தால் அர்த்தம் தெரியாமலே விடை எழுதலாம், மதிப்பெண்ணும் வாங்கலாம். இலக்கணத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் விலை கேட்கத் திணறுவது இதனால்தான்.

இதற்கெல்லாம் வேதநூல் ரென் அண்ட் மார்ட்டின். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பி.சி. ரென் இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் பெரும் புகழ் பெற்றார். இன்று அந்த நாவலைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. இலக்கணப் புத்தகமோ திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்னும் அலமாரிகளில் இருக்கிறது. நல்ல புத்தகம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் படிக்கிற பையனின் தாய்மொழி எது என்று அதற்குத் தெரியாது. தமிழனுக்கும் வங்காளிக்கும் பஞ்சாபிக்கும் ஒரே பாடம். தமிழன் இடறும் இடம் வேறு, வங்காளி இடறும் இடம் வேறு.

காலங்களை எடுத்துக்கொள்ளலாம். கரும்பலகையில் மூன்றுக்கு நான்கு என்று கட்டம் போட்டு 12 'டென்ஸ்' எழுதிவிடுவார்கள். தமிழில் மூன்றே காலம், ஆங்கிலத்தில் பன்னிரண்டு என்றதும் பையன் மிரண்டுபோகிறான். ஆனால் அவன் வீட்டில் தினமும் பேசுவதைக் கேட்டால் வந்தான், வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்துகொண்டிருந்தான், வந்திருப்பான் எல்லாம் இருக்கிறது. "வந்திருக்கிறான்" என்பதுதான் 'ஹி ஹேஸ் கம்', "வந்திருந்தான்" என்பதுதான் 'ஹி ஹேட் கம்' என்று சொன்னால் பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதி முக்கியமானது. இரண்டும் எங்கே பிரிகின்றன என்றும் சொல்ல வேண்டும். "அவன் நேற்று வந்திருக்கிறான்" என்பது தமிழில் சரி. 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' ஆங்கிலத்தில் தப்பு. நேற்று என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலம் 'கேம்' என்றுதான் கேட்கும். "தினமும் காலையில் டீ குடிப்பேன்" என்கிறோம். குடிப்பேன் என்பது புத்தகப்படி எதிர்காலம், பேச்சில் அது பழக்கத்தைச் சொல்கிறது. அதனால்தான் 'டெய்லி ஐ வில் டிரிங்க் டீ' என்று எழுதுகிறான். "சின்ன வயசில் அங்கே போவேன்" என்பதும் அப்படித்தான். "வருகிறேன்" என்ற ஒரே சொல், தென்காசிக்காரன் என்பதையும் இதோ கிளம்பி வந்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்த 'ஐ ஆம் கமிங் ஃப்ரம்' பிறந்தது அங்கேதான். இவை கவனக்குறைவால் வருகிற தப்புகள் இல்லை. ஒழுங்காக விதிப்படி செய்யப்பட்ட தப்புகள். விதி மட்டும் வேறு மொழியுடையது.

'ஹி கோ' என்று எழுதுவதைப் பார்த்து ஆங்கில ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதே பையன் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஆளுக்கேற்ற விகுதியை ஒருபோதும் தவறவிடாதவன். ஆங்கிலத்தில் 'பி' வினையைத் தவிர மற்ற வினைகளுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு விகுதி, அந்த 'ஸ்'. அவன், அவள், அது மூன்றுக்கும் பொது, அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். விகுதி என்ற சொல்லை ஆங்கில வகுப்பில் ஒரு தடவை உச்சரித்தால் போதும், அவனுக்குச் சட்டென்று பிடிபடும். கேள்விகளும் அப்படியே. தமிழில் "போனாய்" என்பதோடு 'ஆ' சேர்த்தால் "போனாயா" என்று கேள்வி ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த 'ஆ' இல்லாததால் 'டூ' என்றொரு கூலியாளை முன்னால் நிறுத்துகிறார்கள். காலத்தின் சுமையை அந்த ஆளே தூக்கிக்கொண்டு 'டிட்' ஆகிவிடுவதால் வினை வெறும் 'கோ'வாகத் திரும்பிவிடுகிறது. இது புரிந்தவன் 'டிட் யூ வென்ட்' என்று கேட்க மாட்டான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது என்று பெயர் வாங்கியது 'எ'யும் 'தி'யும். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, ஆகவே தமிழர்களுக்கு அது வராது என்று முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

"புத்தகம் வாங்கினான்."
"புத்தகத்தை வாங்கினான்."

இரண்டும் ஒன்றா? இல்லை. முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட புத்தகம். "கதவைச் சாத்து" என்றால் இந்த அறையின் கதவு. "கதவு வாங்கணும்" என்றால் ஏதோ ஒரு கதவு. இந்த வேறுபாட்டை நான்கு வயதுக் குழந்தைகூடத் தப்பில்லாமல் பேசுகிறது. இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' தமிழில் செய்கிற அந்த வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது, முழுவதும் இல்லாவிட்டாலும் பெருமளவு. எழுவாயிலும் இது உண்டு. "ஒரு பையன் வந்தான்" என்பதற்கும் "பையன் வந்தான்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் 'எ பாய்', 'தி பாய்' வித்தியாசமேதான்.

இதற்கு எல்லை உண்டு என்பதும் உண்மை. உயர்திணைக்கு 'ஐ' எப்போதும் வந்துவிடும். "பையனைப் பார்த்தேன்" என்றுதான் சொல்ல முடியும், "பையன் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது. நதிகளின் பெயருக்கு முன் 'தி' வரும், ஊர்ப் பெயருக்கு முன் வராது போன்றவற்றைத் தனியாகப் படித்துத்தான் ஆகவேண்டும். ஆனாலும், "தெரிந்தது, தெரியாதது" என்ற கருத்தே தமிழனுக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டு தொடங்குவதற்கும், உன் வாயிலேயே இருக்கிறது என்று காட்டித் தொடங்குவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

முன்னிடைச்சொல் தகராறும் வேற்றுமையில்தான் ஒளிந்திருக்கிறது. வீட்டில், மேசையில், பஸ்ஸில், ஐந்து மணி அளவில்... நமக்கு ஒரே 'இல்'. அவர்களுக்கு இன், ஆன், அட். "அவனிடம் சொன்னேன்" என்பதால் 'டோல்ட் டு ஹிம்', "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்'. ஒரு வகுப்பில் பத்து தமிழ் வாக்கியத்தைப் பலகையில் எழுதி, உருபுகளை அடிக்கோடிட்டு, எதிரே ஆங்கிலத்தை எழுதினால் முடிந்தது.

இதெல்லாம் ஏன் நடப்பதில்லை? ஆங்கில வகுப்பில் தமிழ் வாடையே வரக்கூடாது என்பது ஒரு கொள்கையாகிவிட்டது. தமிழ் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் உண்டு. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும், மொழிபெயர்த்து யோசிக்கிறவன் சரளமாகப் பேச மாட்டான் என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய சோதனையில் இலக்கணத்தைப் பாடமாகவே எடுக்கவில்லை. ரயில் அட்டவணை, வரைபடம் என்று ஏதாவது வேலை கொடுத்து, அதைச் செய்து முடிக்கிற போக்கில் மொழி தானாகப் படியட்டும் என்று விட்டார். கேட்கவும் பேசவும் படிக்கவும் நிறைய ஆங்கிலம் கிடைக்கிற இடத்தில் இது நல்ல வழி. இன்னொரு பக்கம் சி.ஜே. டாட்சன் 1967இலேயே தாய்மொழியை வகுப்பில் அளவாகப் பயன்படுத்தும் இருமொழி முறையை எழுதிவைத்தார்.

ஆனால் தென்காசிப் பையனுக்கு இந்த இரண்டில் எதுவும் கிடைக்கவில்லை. அவனுடைய ஆங்கில வகுப்பில் ஆங்கிலமும் பேசப்படவில்லை, தமிழும் பயன்படுத்தப்படவில்லை. தமிழில் பேசத்தான் செய்தார்கள்: "அந்த நோட்ஸை எழுதிக்கோ", "இது இம்பார்ட்டன்ட்" என்பதற்கெல்லாம் தமிழ். இலக்கணத்தை விளக்க மட்டும் தமிழ் வரவில்லை. வீட்டில் ஆங்கிலம் கேட்கும் குழந்தைக்கு விதி தேவைப்படாமல் இருக்கலாம். வாரத்தில் சில மணி நேரம், அதுவும் நோட்ஸ் வடிவத்தில் மட்டும் ஆங்கிலத்தைப் பார்க்கும் குழந்தைக்குக் குறுக்கு வழி வேண்டும். அவனிடம் இருக்கிற ஒரே குறுக்கு வழி தமிழ்.

ஆங்கில ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. தமிழ் ஆசிரியர் வேற்றுமையையும் பெயரெச்சத்தையும் சொல்லிக்கொடுக்கும்போது அவை மாணவன் பேசும் தமிழுக்குச் சம்பந்தமே இல்லாதது போலத்தான் சொல்லிக்கொடுக்கிறார். நூற்பா, விளக்கம், எடுத்துக்காட்டு, முடிந்தது. "நேற்று வந்த பையன்" என்று தினமும் பேசுகிறவனுக்கு அதுதான் பெயரெச்சம் என்பதே உறைப்பதில்லை. பிறகு எப்படி 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்பதில் அதே பெயரெச்சம் பையனுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று அவன் கண்டுபிடிப்பான்? ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடத்திட்டம் பற்றி ஒருவரோடொருவர் பேச அவர்களுக்கு ஒரு காரணமும் வந்ததில்லை.

நான்கு வருடம் கழித்து அதே பையன் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறான். பயோடேட்டாவைப் புரட்டிப் பார்த்த அதிகாரி கேட்கிறார்: "டிடின்ட் யூ டூ எனி ப்ராஜெக்ட்?" ப்ராஜெக்ட் எதுவும் செய்யலையா என்று கேட்டால் தமிழில் பதில் "ஆமா சார், செய்யலை" என்பது. கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு ஆமா. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. செய்யவில்லை என்றால் 'நோ' தான். இதையும் அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"யெஸ் சார்" என்கிறான்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்படியா, அந்த ப்ராஜெக்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்கிறார்.