அறையிலிருந்து அகற்றப்பட்ட இருவர்

தொழில், நிறுவன உளவியல் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் தனிப் பட்டமாகவும், முகாமைத்துவ பீடங்களில் ஒரு பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றது. ஆட்சேர்ப்பு, தலைமைத்துவம், வேலைத் திருப்தி, மன அழுத்தம் என அதன் அத்தியாயங்கள் நீளும். விழித்திருக்கும் பொழுதில் பெரும்பங்கை மனிதன் வேலைத்தலத்தில் கழிக்கின்றான். ஆகவே இப்படியொரு படிப்பு வேண்டியதே. என் மனக்குறை படிப்பைப் பற்றியதன்று, அது படிப்பிக்கப்படும் முறையைப் பற்றியது.

இத்துறையின் அறிமுக நூல்கள் பெரும்பாலானவற்றில் ஹோதோர்ன் ஆய்வுகள் இடம்பெறும். சிக்காகோவை அடுத்த சிசரோ நகரிலிருந்த வெஸ்டர்ன் இலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924இல் வெளிச்சம் பற்றிய பரிசோதனைகளுடன் தொடங்கியவை அவை. 1927இல், தொலைபேசி இணைப்பகங்களுக்கான ரிலே என்னும் சிறு கருவியைப் பொருத்தும் வேலைக்காகப் பெண்கள் அறுவர் தனியறை ஒன்றுக்கு மாற்றப்பட்டனர். இடைவேளை கொடுக்கப்பட்டது, வேலைநேரம் குறைக்கப்பட்டது, உற்பத்தி கூடியது. சலுகைகளைத் திரும்பப் பெற்றபோதும் உற்பத்தி பழைய நிலைக்கு வீழவில்லை. எனவே, கூலியைவிடக் கவனிப்பும் நட்புறவும் தொழிலாளரை ஊக்குவிக்கும் என்ற முடிவு எல்ற்றன் மேயோவின் பெயரோடு உலகெங்கும் பரவிற்று. மாணவர்களும் அதை மனனம் செய்து பரீட்சை எழுதுகின்றனர்.

ஆனால் கதையின் ஒரு பகுதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. வேலை நேரத்தில் அதிகம் பேசுகின்றனர் எனக் கண்டிக்கப்பட்ட பெண்கள் இருவர் 1928 ஜனவரியில் அவ்வறையிலிருந்து அகற்றப்பட்டனர். பதிலாக வந்தவர்களுள் ஒருவர் அக்குழுவிலேயே மிக விரைவானவரானார். அத்துடன், பெரிய பிரிவு ஒன்றின் மொத்த உற்பத்தியைக் கொண்டு கணிக்கப்பட்ட கூலி, அச்சிறு குழுவின் உற்பத்தியை மட்டும் கொண்டு கணிக்கப்படலாயிற்று. உழைப்பு கூடினால் கூலியும் கூடும் என்பது அவர்களுக்குக் கண்கூடு. இவற்றையெல்லாம் 1967இல் அவுஸ்திரேலிய அறிஞர் அலெக்ஸ் கேரி கடுமையாகச் சுட்டிக்காட்டினார். நட்புறவுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வில் ஆள்மாற்றமும் கூலியும் இருந்தன என்பதை அறியாமலே ஒருவர் பட்டம் பெற்று, மனிதவள முகாமையாளராகி, பிறர் வேலையைப் பற்றித் தீர்மானிக்கும் நாற்காலியில் அமர்ந்துவிடலாம். இதுவே என்னை உறுத்துவது.

இதே துறையில் வேறொரு மரபும் உண்டு. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 1951இல் எரிக் ட்ரிஸ்ற், கென் பாம்ஃபோர்த் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதற்குச் சான்று. பாம்ஃபோர்த் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. பழைய முறையில் இருவரோ மூவரோ சேர்ந்து கரி வெட்டுவர். கூட்டாளியைத் தாமே தெரிவு செய்வர். ஒருவர் விபத்தில் இறந்தால் அவரது குடும்பத்தைக் கூட்டாளி பராமரித்ததும் உண்டு. இயந்திரங்களோடு வந்த நீள்சுவர் முறை, நாற்பது ஐம்பது பேரை மூன்று பணிநேரங்களாகப் பிரித்துப்போட்டது. முந்திய பிரிவினர் விட்ட குறை அடுத்தவர் தலையில் விழுந்தது. (பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுப்பணி செய்தவர்களுக்கு இது புதினமன்று.) வேலைக்கு வராமை பெருகியது, பழிசுமத்தல் பெருகியது. குற்றம் தொழிலாளியின் மனத்தில் அன்று, வேலையை வகுத்த முறையில் இருக்கின்றது என அவர்கள் எழுதினர். கரித்தூசியைச் சுவாசித்தவர் ஒருவர் ஆய்வாளராக இருந்ததனாலேயே இது புலப்பட்டது என்று நான் கருதுகின்றேன்.

நமது மாணவர்கள் வினாக்கொத்தொன்றைத் தயாரித்து, அதை முகாமையாளரின் கையாலேயே ஊழியர்களுக்கு விநியோகித்து, வேலைத் திருப்தியை அளந்ததாக ஆய்வேடு சமர்ப்பிக்கலாம். மேலதிகாரி பார்த்திருக்க ஊழியர் எதை எழுதுவார்? வினாக்கொத்தோடு சம்பளப் பட்டியலையும் கேட்டு வாங்கட்டும். தொழிற்சங்கக்காரரிடமும், வேலையை விட்டுப் போனவர்களிடமும் பேசட்டும். அதற்குப் புள்ளி வழங்கப் பேராசிரியர்களும் முன்வர வேண்டும்.

ஹோதோர்னிலேயே 1931இல் ஆண்கள் பதினால்வரைக் கொண்ட இன்னொரு குழு அவதானிக்கப்பட்டது. அவர்கள் வேண்டுமென்றே ஓரளவுக்கு மேல் உற்பத்தி செய்யவில்லை. கூடுதலாகச் செய்தால் கூலி வீதம் குறைக்கப்படும், சிலருக்கு வேலை போகும் என்று அஞ்சினர். அந்த அச்சத்துக்கு அனுபவ ஆதாரம் இல்லை என ஆய்வாளர்கள் கருதினர். பொருளாதார மந்தத்தால் வேலை இல்லாமற் போகவே, 1932இல் அந்த ஆய்வே நிறுத்தப்பட்டது.