கண்ணைக் கவர்ந்தால் போதுமா?

பங்குதோறும் ஒரு மடல் வெளிவர வேண்டும் என்னும் ஆர்வம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. நல்ல ஆர்வம்தான். ஆனால் அதற்கெனக் கூடுகின்ற குழுக்களில் முதலில் எழும் வினா எது? "அட்டை எத்தனை வண்ணத்தில்?" என்பது. அடுத்த வினா, "யார் யாருடைய படங்களைப் போடுவது?" என்பது. வாசிக்கப்போகிறவர் யார், அவருக்கு இதனால் என்ன பயன் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் தேநீர் வரும் வேளையில் எழுந்து, கோப்பைகளோடு சேர்த்து அகற்றப்பட்டுவிடுகிறது.

இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் வாதம். ஒரு மடலின் அழகு அதன் அட்டையில் தொடங்குவதன்று. வாசகரைப் பற்றிய அறிவில் தொடங்குவது. வாசகரை அறியாமல் செய்யும் அலங்காரம் வெளியிடுவோரின் மனநிறைவுக்கே பயன்படும். அதற்கு இறைமக்களின் காணிக்கையைச் செலவிடுவது முறையன்று.

நம் கைக்கு வந்து சேரும் மடல்களுள் பலவற்றை எண்ணிப் பாருங்கள். முதற்பக்கத்தில் ஒரு பெரியவரின் படம். இரண்டாம் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி. மூன்றாம் பக்கத்தில் அந்த வாழ்த்துக்கு நன்றி. பின்னணியில் மலர்களும் புறாக்களும் சூரிய உதயமும். நீல வண்ணத்தின் மேல் சிவப்பு எழுத்து. வளைந்தும் நெளிந்தும் செல்லும் ஐந்தாறு வகை எழுத்துருக்கள். இவற்றுக்கிடையே எங்கோ ஒரு மூலையில், சாதிச் சான்றிதழ் முகாம் எந்த நாளில், எந்த இடத்தில் என்னும் செய்தி ஒடுங்கிக் கிடக்கும். பக்கத்தைப் புரட்டியவர் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிக் கீழே வைப்பார். முகாம் நடந்து முடிந்திருக்கும்.

"இக்காலத்து மக்கள் படிப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள். எனவே கண்ணைக் கவர்ந்தால்தான் மடலைக் கையில் எடுப்பார்கள்" என்று நண்பர்கள் கூறுவதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அழுக்குத் தாளில், நெருக்கியடித்த எழுத்தில், மூச்சுவிட இடமின்றி வரும் மடலை எவரும் விரும்பார். ஆனால் மக்கள் படிப்பதில்லை என்பது பழி. பேருந்து நேரப் பலகையைப் படிக்கிறார்கள். நியாயவிலைக் கடையின் அறிவிப்பைப் படிக்கிறார்கள். கைப்பேசித் திரையில் பொடி எழுத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். தமக்கு வேண்டியதை எவ்வளவு இடர்ப்பட்டும் படிக்கின்ற மக்கள் நம் மடலைப் படிக்கவில்லை என்றால், குறை அவர்களுடைய கண்ணில் இல்லை.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய தேவனூர் நாட்டை எண்ணிப் பார்ப்போம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மலையை அடைகிற நாம், எதைத் தாங்கி ஏறுகிறோம்? அங்கே சிற்றூர்களில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி விளைகிறது. மிளகும் காப்பியும் உண்டு. மரவள்ளிக்கு ஆலைக்காரர் கொடுக்கும் விலை கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் பொறுத்து ஏறும், இறங்கும். அந்தக் கணக்கை அறிந்தவர் பேரம் பேசலாம். அறியாதவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். இத்தகைய வாசகருக்கு வழுவழுப்பான அட்டை எதைச் சொல்லும்?

இன்னொன்றையும் கருத வேண்டும். இத்தகைய ஊர்களில் ஒரு தாளைப் படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்து வாசிக்க, பாட்டியும் அண்டை வீட்டாரும் கேட்பார்கள். அங்கே கண்ணுக்கு மட்டும் செய்யப்பட்ட அழகு பாதி வழியிலேயே நின்றுவிடும். வாசிக்கும்போது நா தடுமாறாத வாக்கியம், கேட்டதும் மனத்தில் நிற்கும் சொல், இவையே அங்கு எடுபடும் அழகு.

இக்கருத்து புதிதன்று; தமிழ் அச்சின் வரலாறே இதற்குச் சான்று. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்களைக் கொண்ட நூல் ஒன்று அச்சாயிற்று. கறுப்பும் சிவப்புமாக இரு வண்ணம். ஆனால் தமிழ்ச் சொற்கள் உரோமை எழுத்தில் இருந்தன. முத்துக்குளித்துறையின் எளிய மக்களுள் எத்தனை பேர் அதை வாசித்திருக்கக் கூடும்? 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். ஆனால் தமிழ் எழுத்தில் வந்தது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரின் உழைப்பும் பரவ மக்களின் பொருளுதவியும் அதை ஆக்கின. இரு வண்ண நூலைவிட இந்தச் சிறு சுவடியையே தமிழ் அச்சின் தொடக்கமாக நாம் கொண்டாடுகிறோம். காரணம் வெளிப்படை.

பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் அச்சகம் அமைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தன. பெரிய எழுத்து பார்வைக்கு எடுப்பானது. ஆனால் தாளை விழுங்கியது. தாளோ அரிது. எனவே அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் நிறைவுற்றது. எடுப்பைக் குறைத்து நூலைப் பெருக்கிய அந்த லூத்தரன் சகோதரர்களிடம் நாம் கற்கலாம்.

நம் வீரமாமுனிவரோ எழுத்தையே தொட்டார். அவர் காலத்து ஏடுகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்ததால், குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோலவே தோன்றின. 'மெய்' என்பதா, 'மேய்' என்பதா என்று வாசிப்பவர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. முனிவர் கொம்பின் தலையில் ஒரு சுழியைக் கூட்டினார், ஐயம் அகன்றது. அந்தச் சுழி அலங்காரத்துக்காக இட்டதன்று. வாசகரின் இடர்ப்பாட்டை ஒரு கோட்டில் தீர்த்ததால்தான் அது அழகாயிற்று.

நம் காலத்திலும் சான்று உண்டு. 1998 முதல் புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களை அமைத்தது. ஊர் மக்களுக்கு எது தேவை என்று முதலில் கேட்டறிந்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர் வேண்டியது கடல் அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சுருக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படமில்லை, வண்ணமில்லை, ஊரே காது கொடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தபோது, அம்மையத்தின் ஒலிபெருக்கியிலேயே ஊருக்கு அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கியில் வருவது தமக்குரிய செய்தி என்னும் நம்பிக்கை, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பயனுள்ளதைச் சொல்லிச் சொல்லி விளைந்தது. ஒரு மடல் அடையத்தக்க உயர்ந்த கவர்ச்சி இந்த நம்பிக்கையே.

இனி, மலைமக்களுக்குரிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை விளக்க வரும் துண்டறிக்கைகள் பலவற்றில், சட்டத்தின் நீண்ட பெயரே நான்கு வரியை அடைத்துக்கொள்ளும். மீதி இடத்தை முழக்கங்கள் நிரப்பும். தேவனூர் நாட்டு உழவர் அறிய வேண்டியதோ இவ்வளவே:

2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே வன நிலத்தில் பயிரிட்டுப் பிழைத்து வரும் பழங்குடிக் குடும்பம் அந்நிலத்துக்கு உரிமை கேட்கலாம். கைவசமுள்ள நிலத்துக்கு மட்டுமே கேட்கலாம். 4 ஹெக்டேருக்கு மேல் கிடையாது. மனுவைக் கிராமசபையிடம் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் ஒரு சான்று. கிராமசபையின் முடிவு சரியில்லை என்று தோன்றினால், 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம்.

இதைப் பெரிய எழுத்தில், வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், நாற்புறமும் இடம்விட்டு அச்சிடுங்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி உரக்க வாசித்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. கேட்டவர் எழுந்து போய்ப் பெரியவரைத் தேடுவார். இதைவிடப் பயனுள்ள பக்கத்தை எந்த ஓவியர் வரைந்து தருவார்?

ஆகவே நாம் வேண்டுவன சில. ஒரு பக்கத்தில் ஒரு பொருளே இருக்கட்டும். நாளும் இடமும் தலைப்புக்கு அருகிலேயே நிற்கட்டும். மூக்குக்கண்ணாடி வாங்க இயலாத முதியவரை எண்ணி எழுத்தின் அளவை முடிவு செய்யட்டும். அச்சுக்குப் போகுமுன் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் கேட்கட்டும். கேட்டவருக்கு விளங்காத வரியை மாற்றி எழுதட்டும். படம் வேண்டுமா? போடுங்கள், அது ஏதேனும் ஒன்றைக் கற்பிக்கும் படமாக இருக்கட்டும். குருக்களாகிய எங்கள் படங்களைப் பீடத்தில் நாள்தோறும் நேரிலேயே பார்க்கிறீர்கள்; மடலிலும் வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு தாளேயாயினும் குறித்த ஞாயிற்றில் தவறாமல் வரட்டும். மக்கள் எழுதியனுப்புவதற்கும் இடம் இருக்கட்டும். பேசிக்கொண்டே இருந்து கேட்காதவரின் முன் எவரும் நெடுநேரம் அமர மாட்டார்.

இறைவாக்கினர் அபக்கூக்கு தாம் பெற்ற காட்சியைப் பலகையில் தெளிவாக எழுதுமாறு பணிக்கப்பட்டார். விரைந்து செல்பவரும் வாசிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எழுதுவோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டா.

பொதுநிலையினராகிய நீங்கள் பணம் தருகிறீர்கள். மடலைக் கையில் வாங்குகிறீர்கள். ஆகவே கேட்கும் உரிமையும் உங்களுடையது. "இதில் யாருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்று உங்கள் பங்கில் துணிந்து கேளுங்கள். மலையில் ஒருவர் முறையிடுவதற்கு உள்ளது 60 நாள். அச்செய்தியைப் புறாக்களுக்கும் பூக்களுக்கும் நடுவே அவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது அன்பும் ஆகாது, அழகும் ஆகாது.