தனியே அழைத்துப் பேசுங்கள்



தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்று, மூன்றாம் ஆண்டில் கட்டுறுபயில்வையும் நிறைவு செய்த இளம் ஆசிரியை ஒருவர் நியமனக் கடிதத்துடன் பாடசாலைக்கு வருகிறார். பாட அறிவு அவரிடம் உண்டு. பயிற்சிக் காலத்தில் அவரது வகுப்பைக் கவனித்து நிறைகுறைகளைச் சொல்ல ஒருவர் இருந்தார். இனி அந்த ஒருவர் இல்லை. போதாக்குறைக்கு, மூத்தோர் ஏற்கத் தயங்கிய வகுப்பே பெரும்பாலும் புதியவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. இது நம் பாடசாலைகளின் எழுதாச் சட்டம்!

திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோவைக் காண்கிறோம். அலெக்சாந்திரியாவில் பிறந்தவர், நாவன்மை மிக்கவர், மறைநூலில் புலமை உடையவர். ஆயினும் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். எபேசு தொழுகைக்கூடத்தில் அவர் துணிவுடன் பேசியதைப் பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் கேட்டனர். எல்லார் முன்னிலையிலும் எழுந்து அவரைத் திருத்தவில்லை. தம்மிடம் அழைத்துச் சென்று, கடவுளின் நெறியை இன்னும் திருத்தமாக விளக்கினர். இத்தனைக்கும் அவர்களது தொழில் கூடாரம் செய்தல்! பின்னர் அவர் அக்காயாவுக்குச் செல்ல விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளுமாறு சகோதரர்கள் மடலும் எழுதினர்.

இதற்கெனப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. இடைவேளையில் பத்து நிமிடம் போதும். "இன்று எந்த இடத்தில் பிள்ளைகளின் கவனம் சிதறியது?" என்று கேட்டுவிட்டு, மறுமொழி வரும்வரை காத்திருக்க வேண்டும். முப்பதாண்டு அனுபவம் முழுவதையும் அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டிவிடக் கூடாது. நாளைய வகுப்பில் செய்துபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். மறுவாரம் மீண்டும் கேளுங்கள். பேசியது அதிபரின் காதுக்குப் போகலாகாது. போய்விட்டால், அடுத்த முறை அவர் "எல்லாம் நன்றாக நடக்கிறது" என்றே சொல்வார்.

1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்ட புனித யோவான் பப்திஸ்து தெ லா சால், போதிய பயிற்சியற்ற ஏழை ஆசிரியர்களை முதலில் தம் உணவு மேசைக்கு அழைத்தார்; 1681இல் ரீம்ஸ் நகரிலுள்ள தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். உறவினர் முகம் சுளித்தனர்.

பெற்றோரே, கொப்பியில் ஒரு பிழையைக் கண்டதும் நேரே அதிபரின் அறைக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. முதலில் அந்த ஆசிரியையிடமே கேட்டால் என்ன? ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, நீங்கள் இல்லாத பங்கு ஏது? ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது, பணியில் முதல் தவணையைத் தொடங்கியிருக்கும் அவரிடம், "வகுப்பு எப்படிப் போகிறது, பிள்ளை?" என்று கேளுங்கள்.