'இஸ்ரேல் நீங்கலாக' என்ற கடப்பிதழோடு ஜெருசலேம் போவது எப்படி?

உங்கள் மலேசியக் கடப்பிதழை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். இஸ்ரேலைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் இது செல்லும் என்று ஒரு வரி இருக்கும். குடிநுழைவு முகப்பில் வரிசையில் நிற்கும்போது பொழுதுபோக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் வரி.

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு போஸ்டர்: 'புனித பூமிப் பயணம், 12 நாள், எகிப்து–இஸ்ரேல்–ஜோர்டான்'. அம்மா ஏற்கனவே பேர் கொடுத்துவிட்டார். பாட்டியும் "போனா இப்பதான் போகணும், இன்னும் ரெண்டு வருஷம் போனா முட்டி ஒத்துழைக்காது" என்கிறார். முன்பணம் கட்ட இணைய வங்கியில் பட்டனைத் தட்டப் போவது நீங்கள்தான்.

அந்த வரி இருக்க, இந்தப் பயணம் எப்படிச் சாத்தியம்? பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பயணத்தில் எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள், சண்டை வெடித்தால் பணம் என்னாகும் என்ற எல்லாமே இந்த ஒரு கேள்வியோடு ஒட்டியிருக்கின்றன.

குழுதான் உங்கள் கடப்பிதழ்

மலேசியாவுக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவு கிடையாது. ஆனால் கிறிஸ்தவர்கள் வழிபாட்டுக்காகப் போவதற்கு அரசாங்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நடைமுறையில் சபையின் கடிதம் வேண்டும், பயணிகளின் பெயர்ப் பட்டியல் வேண்டும், நம் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் இஸ்ரேல் தரப்பின் விசா. ஒரு காலத்தில் வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்புகூட இருந்தது; பிறகு தளர்த்தினார்கள். இஸ்ரேல் இப்போது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை, தனிச் சீட்டில் கொடுத்துவிடுகிறது.

ஆக, முதுகுப் பையை மாட்டிக்கொண்டு தனியாக 'பேக்பேக்கிங்' கிளம்புகிற கதை இதில் செல்லாது. மற்ற நாடுகளுக்குக் குழுவாகப் போவது ஒரு வசதி. இங்கே குழு இல்லையென்றால் பயணமே இல்லை. அதனால்தான் போஸ்டரில் பயண நிறுவனத்தின் பெயரோடு ஒரு போதகரின் அல்லது பாதிரியாரின் படமும் இருக்கிறது. ஆன்மீக வழிகாட்டி என்பது அவர் வேலையில் பாதிதான். அனுமதிக் கோப்பில் அவருடைய சபை இருக்கிறது என்பது மீதிப் பாதி.

யாத்திரைக் குழுக்கள் பினாங்குக்குப் புதிதல்ல. ஜோர்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்திருப்பீர்கள். வடக்கு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி குவான் யின் கோவில். பக்கத்துத் தெருவான லெபோ குயினில் மகா மாரியம்மன். அப்புறம் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். சுற்றுலாப் பயணிகள் இதை 'நல்லிணக்கச் சாலை' என்று படம் பிடிக்கிறார்கள். அவர்களில் பலர் கவனிக்காதது, தெற்கே சில நிமிட நடையில் இருக்கும் லெபோ ஆச்சேவை. நீராவிக் கப்பல் காலத்தில் ஹஜ்ஜுக்குக் கிளம்பியவர்கள் கூடிய இடம் அதுதான். சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து, கப்பலுக்காக இங்கே தங்கி, டிக்கெட் முகவரிடம் பணம் கட்டி, பாயும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். 1970களில் கப்பல் பயணம் முடியும் வரை இது நடந்தது.

அந்தக் காலத்து ஹஜ் பயணியின் பிரச்சினையும் இன்று உங்கள் அம்மாவின் பிரச்சினையும் ஒன்றுதான்: வாழ்நாள் சேமிப்பை யாரை நம்பிக் கொடுப்பது? ஹஜ்ஜைப் பொறுத்தவரை நாடு அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தது. 1963இல் யாத்திரிகர்களுக்கான சேமிப்புக் கழகம் வந்தது. 1969இல் அது, பினாங்கில் 1951 முதல் இயங்கிவந்த ஹஜ் விவகார அலுவலகத்தோடு இணைந்தது. அதுதான் இன்றைய தாபோங் ஹாஜி. உம்ரா பொதிப் பயணம் விற்பவர்களுக்கும் தனி உரிமம் தேவை. புனித பூமிப் பயணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சாதாரண வெளிநாட்டுச் சுற்றுலா உரிமம், ஒரு சபை, ஒரு வாட்ஸ்அப் குழு. அவ்வளவுதான்.

கதவு யார் கையில்?

பொதுவான பயண வழி இது: கோலாலம்பூரிலிருந்து கெய்ரோ அல்லது அம்மான். எகிப்தில் இறங்கினால் சீனாய் மலை ஏறி, தாபா எல்லை வழியாக உள்ளே. ஜோர்டான் வழி என்றால் நேபோ மலை பார்த்து, ஜோர்டான் ஆற்றுப் பாலத்தைக் கடந்து உள்ளே. பேருந்திலிருந்து இறங்கி, பெட்டியைத் தூக்கி, வரிசையில் நின்று, கேள்விக்குப் பதில் சொல்லி, மறுபக்கம் வேறு பேருந்தில் ஏற வேண்டும். மலேசியக் கடப்பிதழைப் பார்த்தால் அதிகாரி கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பது ஆச்சரியமில்லை. பாட்டிக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துவையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பயணத்தின் உச்சம் என்று சொல்லப்படும் இரண்டு இடங்களும், அதாவது இயேசு பிறந்த இடமாக வணங்கப்படும் பெத்லகேம் ஆலயமும் அவரது கல்லறை என நம்பப்படும் இடத்தில் நிற்கும் ஜெருசலேம் ஆலயமும், 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதியில் இருக்கின்றன. பெத்லகேம் மேற்குக் கரையில்; கல்லறை ஆலயம் கிழக்கு ஜெருசலேமில். மலேசிய அரசாங்கத்தின் பார்வையில் அது பாலஸ்தீனம். உங்கள் கடப்பிதழ் பாலஸ்தீனத்துக்குப் போவதைத் தடுக்கவில்லை. ஆனால் அங்கே போகும் எல்லா வாசலிலும் நிற்பது இஸ்ரேலிய அதிகாரி. அந்த ஒரு வரி உண்மையில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இன்னொன்று: அங்கே மலேசியத் தூதரகம் இல்லை. கடப்பிதழ் தொலைந்தாலும், யாராவது மருத்துவமனையில் படுத்தாலும், உதவி அம்மானிலிருந்தோ கெய்ரோவிலிருந்தோதான் வர வேண்டும்.

எந்த ஆற்றில் ஞானஸ்நானம்?

'யோர்தான் நதியில் ஞானஸ்நான அனுபவம்' என்று போஸ்டரில் தடித்த எழுத்தில் இருக்கும். எந்தக் கரையில் என்று கேட்டுப் பாருங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகப் பாரம்பரியம் சொல்லும் இடம் ஆற்றின் கீழ்ப்பகுதியில், எரிகோவுக்கு அருகே. கிழக்குக் கரை ஜோர்டானில், பெயர் அல்-மக்தாஸ். 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மேற்குக் கரையில் அதற்கு நேர் எதிரே கஸ்ர் அல்-யஹூத். 1967க்குப் பிறகு அந்த மேற்குக் கரை ராணுவப் பகுதி ஆனது, கண்ணிவெடி புதைந்த நிலம் ஆனது. யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், தண்ணீரில் இறங்க இடமில்லை. அதனால் 1981இல் வடக்கே, கலிலேயாக் கடலிலிருந்து ஆறு வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில், யார்தெனிட் என்ற இடத்தைத் தயார் செய்தார்கள். படிக்கட்டு, கைப்பிடி, வெள்ளை அங்கி வாடகை, நினைவுப் பொருள் கடை என்று எல்லாம் உண்டு. பழைய இடம் பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது 2011இல்தான். வசதி காரணமாக இன்றும் பல குழுக்கள் யார்தெனிட்டுக்கே போகின்றன.

ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதானே என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், பாட்டியின் விசுவாசத்துக்கு இதனால் குறையொன்றும் இல்லை. ஆனால் தான் இறங்கும் படிக்கட்டு ஒரு போரினால் அங்கே வந்தது என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

பெத்லகேம் கதை இன்னும் கொஞ்சம் கசப்பானது. பல பயணத் திட்டங்களில் அதற்கு ஒதுக்கியிருப்பது அரை நாள். காலையில் ஜெருசலேம் ஹோட்டலிலிருந்து பேருந்து, சோதனைச் சாவடி, பிரிவினைச் சுவர். பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள பகுதிக்குள் இஸ்ரேலியர்கள் போவதற்குத் தடை இருப்பதால் பல குழுக்களில் வழிகாட்டி அங்கே மாறிவிடுவார். குனிந்து நுழையும் சின்ன வாசல், பிறப்பிடக் குகை, ஒலிவ மரச் சிற்பக் கடையில் முக்கால் மணி நேரம், மதியச் சாப்பாடு, திரும்பப் பேருந்து. ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருந்த ஊர் அது. இன்று அவர்கள் அங்கே சிறுபான்மை, வெளிநாடு போய்விட்டவர்கள் ஏராளம். மிச்சமிருக்கும் பல குடும்பங்களுக்கு வருமானம் யாத்திரிகர்களிடமிருந்துதான். ஹோட்டல் வாடகை, இரவுச் சாப்பாடு எல்லாம் சுவருக்கு மறுபக்கம் போய்விட்டால் பெத்லகேமுக்கு மிஞ்சுவது அந்த முக்கால் மணி நேரக் கடை வியாபாரம் மட்டும்.

"இப்போ போலாமா?"

இளைஞர்களிடம் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். காப்பிக் கடையைக்கூடப் புறக்கணிக்கும் நாட்டில், இஸ்ரேல் விசாவுக்கு மனுப் போடுவது எப்படிச் சரியாகும்? மலேசிய அரசாங்கம் 2023 டிசம்பரில் இஸ்ரேலியக் கப்பல் நிறுவனமான ஜிம்மின் கப்பல்கள் நம் துறைமுகங்களில் நிற்பதற்கே தடை போட்டது.

கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே இருக்கும் கிறிஸ்தவர்களும் பாலஸ்தீனியர்கள்தான் என்பது இந்த வாதத்தில் அடிக்கடி காணாமல் போகிறது. போருக்கு முன் காசாவில் சுமார் ஆயிரம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 2023 அக்டோபரில் புனித பொர்ஃபிரியஸ் ஆலய வளாகம் தாக்கப்பட்டதில் அங்கே தஞ்சம் புகுந்தவர்கள் இறந்தார்கள். 2025 ஜூலை 17 அன்று காசாவின் ஒரே கத்தோலிக்க ஆலயம் தாக்கப்பட்டதில் மூன்று பேர் பலி. பெத்லகேமில் 2023, 2024 இரண்டு ஆண்டும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை ரத்து செய்துவிட்டு, ஆராதனையை மட்டும் நடத்தினார்கள். அதே பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் 2009இல் வெளியிட்ட 'கைரோஸ் பாலஸ்தீனம்' அறிக்கை, ஒரு பக்கம் புறக்கணிப்பை ஆதரித்தது. மறுபக்கம் உலக சபைகளை வந்து நேரில் பார்க்கச் சொன்னது. இரண்டும் முரண் அல்ல. வராதே என்று சொல்லவில்லை, எங்களைத் தாண்டிப் போகாதே என்றார்கள்.

அதனால் என் கணிப்பில், போகலாமா வேண்டாமா என்பதைவிட எந்தப் பயணத் திட்டத்தில் போவது என்பதுதான் பெரிய கேள்வி. ஏற்பாட்டாளரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். பெத்லகேமில் எத்தனை இரவு தங்குகிறோம்? அங்கே நமக்கு வழிகாட்டுவது யார்? ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்ச் சபையோடு சேர்ந்து ஆராதனை உண்டா, அல்லது ஹோட்டல் அறையில் நமக்கு நாமேயா? தயங்காமல் பதில் சொல்லும் ஏற்பாட்டாளர் இந்த வேலையை யோசித்துச் செய்கிறவர்.

பணம் விஷயம்

2019இல் இஸ்ரேலுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 45 லட்சம். 2024இல் அது 10 லட்சத்துக்கும் கீழே போனது. 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் மோதல் தொடங்கியபோது வான்வெளி ஒரே நாளில் மூடப்பட்டு, உள்ளே இருந்த பயணிகள் தரைவழியாக ஜோர்டானுக்கும் எகிப்துக்கும் போக வேண்டியிருந்தது. இந்த மாதிரி இடத்துக்கான முன்பணம் சாதாரண முன்பணம் அல்ல.

பல பயணக் காப்புறுதிகளில் போர் விலக்கப்பட்ட விஷயம்; சின்ன எழுத்தைப் படியுங்கள். பயண நிறுவனத்தின் உரிமத்தைச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அனுமதி மறுக்கப்பட்டால், எல்லை மூடினால், விமானம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதைத் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். முக்கியமாக, பணத்தை நிறுவனத்தின் கணக்கில் கட்டுங்கள். "நம்ம சபை அண்ணன்தானே" என்று ஒருவரின் சொந்தக் கணக்கில் போட்டுவிட்டால், பிறகு கேட்பது கஷ்டம். சபைக்குள் முகம் பார்க்கவே சங்கடமாகிவிடும். நிறுவனத்தோடு தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்று வருடத்துக்குள் மனுச் செய்யலாம்.

சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்தால் "எங்களுக்கு அரசாங்கமே காசு கொடுக்குது" என்று அவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். தமிழ்நாட்டு அரசு 2011–12 வாக்கில் ஜெருசலேம் பயணத்துக்கு ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் தரத் தொடங்கியது. பிறகு அது 37,000 ஆனது, அருட்சகோதரிகளுக்கு 60,000. இந்தியக் கடப்பிதழில் நம்முடையதைப் போன்ற வரி கிடையாது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நமக்கு அந்த மானியமும் கிடையாது, அந்தச் சுலபமும் கிடையாது.

இந்தத் தடவை வேண்டாம் என்று வீட்டில் முடிவானால், வேதாகம இடங்கள் அத்தனையும் அந்த ஒரு எல்லைக்குள் அடங்கிவிடவில்லை என்பதைப் பாட்டியிடம் சொல்லுங்கள். நேபோ மலை, மாதபாவின் தரையில் 6ஆம் நூற்றாண்டில் கல் பதித்துச் செய்த புனித பூமி வரைபடம், அல்-மக்தாஸ் மூன்றும் ஜோர்டானில். வெளிப்படுத்தல் நூல் பேசும் ஏழு சபைகளின் ஊர்கள், எபேசு உட்பட, துருக்கியில். அங்கே மலேசியர்களுக்கு விசாவே வேண்டாம். இவற்றில் எதற்கும் சிறப்பு அனுமதி தேவையில்லை, சபைக் கடிதமும் தேவையில்லை. அல்-மக்தாஸில் தண்ணீரில் இறங்க ஜோர்டான் பக்கமும் படிக்கட்டு இருக்கிறது. ஆறு அந்த இடத்தில் ரொம்பக் குறுகல். எதிர்க்கரையில் வெள்ளை அங்கியோடு நிற்பவர்களின் முகம்கூடத் தெரியும்.